மத்திய வர்த்தக அமைச்சகம், ஐந்துக்கு மூன்று: ஒரு அப்பள ஏற்றுமதிக்காரனின் ரிவ்யூ

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. உள்ளே நுழைய விடுவதில் ஐந்துக்கு ஐந்து, வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போடுவதில் நான்கு, நாளைக்கும் இதே விதிதான் இருக்கும் என்று நம்பி ஆர்டர் எடுப்பதில் ஒன்று. கூட்டி வகுத்தால் மூன்று சொச்சம் வரும். அந்தக் கடைசி ஒன்றுதான் நேராக நம் பாக்கெட்டில் கை வைக்கிறது என்பதால் சொச்சத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நான் மதுரைக்காரன். அப்பளம், சாம்பார் பொடி, முருங்கை இலைப் பொடி, கேட்டால் கொஞ்சம் பொன்னி அரிசி என்று துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருக்கும் நம்மாட்கள் கடைகளுக்கு அனுப்புகிறேன். சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியில் ஏறும். முழு கன்டெய்னர் நிரப்புகிற ஆள் இல்லை, நாலு பேர் சரக்கோடு சேர்ந்து போகிற ஆள். டெல்லியில் ஆள் வைத்திருக்கும் பெரிய எக்ஸ்போர்ட் ஹவுஸ்காரர்களுக்கு அனுபவம் வேறாக இருக்கலாம், இது கீழே இருந்து பார்த்து எழுதுவது.

எதை ரிவ்யூ செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பாதிப் பேர் தவறான ஆளைத் திட்டுகிறார்கள். மத்திய வர்த்தகம் மற்றும் தொழில்துறை அமைச்சகத்துக்குள் இரண்டு துறைகள். ஒன்று வர்த்தகத் துறை, டெல்லியில் 2022 ஜூனில் திறந்த வாணிஜ்ய பவனில் உட்கார்ந்து வெளிநாட்டு வணிகத்தைப் பார்க்கிறது. இன்னொன்று தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, டிபிஐஐடி என்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்குத் தினமும் தெரிகிற முகம் வர்த்தகத் துறையின் கீழ் வரும் டிஜிஎஃப்டி, அதாவது அயல்நாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை மூன்று ஊர்களில் அதற்கு அலுவலகம் உண்டு. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் சுங்கத்துறை, அவர்கள் நிதி அமைச்சகம். ஜிஎஸ்டி ரீஃபண்டும் நிதி அமைச்சகம்தான். வெளிநாட்டுப் பணம் எத்தனை மாதத்துக்குள் வர வேண்டும் என்று சொல்வது ரிசர்வ் வங்கி. இது எதற்கும் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலை டேக் செய்து புண்ணியமில்லை.

சரி, வாசலில் இருந்து ஆரம்பிப்போம். ஏற்றுமதிக்கோ இறக்குமதிக்கோ முதலில் வேண்டியது ஐஇசி எண். ஜிஎஸ்டி வந்த பிறகு உங்கள் பான் எண்ணே ஐஇசி எண். கட்டணம் 500 ரூபாய். பான், முகவரிச் சான்று, பெயர் அச்சிட்ட ஒரு கேன்சல் செக், ஆதார் ஓடிபி, இவ்வளவுதான். விவரமெல்லாம் பொருந்திவிட்டால் பணம் கட்டியதும் சான்றிதழ் மெயிலில் வந்து விழுகிறது, யாரையும் பார்க்க வேண்டாம், ஆயுசுக்கும் செல்லும். வங்கி மேலாளரிடம் போட்டோவில் கையெழுத்து வாங்கி, ஃபைலைக் கட்டிக்கொண்டு, சென்னை ஹாடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவன் பக்கம் காத்துக் கிடந்த கதைகளைப் பழைய ஏற்றுமதிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்த 500 ரூபாயின் அருமை தெரியும்.

இதிலும் கொள்ளை அடிக்க ஆள் இருக்கிறது. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் சென்ற வருஷம் ஒரு 'எக்ஸ்போர்ட் கன்சல்டன்ட்'டிடம் போய், இதே ஐஇசிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்தான். கேட்டால் "அரசாங்கக் கட்டணம் போக எங்க சர்வீஸ் சார்ஜ்ணே" என்று பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூகுளில் தேடினால் அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு போலித் தளங்கள் வேறு மேலே வருகின்றன, டிஜிஎஃப்டியே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. விண்ணப்பம் தமிழில் இருந்தால் இந்தக் கூட்டத்தில் பாதி காணாமல் போகும். ஏலக்காய் அனுப்புகிற போடிக்காரருக்கும் பூட்டு அனுப்புகிற திண்டுக்கல்காரருக்கும் தொழில் அத்துப்படி, ஆங்கிலப் படிவம்தான் பயம்.

வாசலைத் தாண்டியதும் வாரியங்கள். ஆள் குழம்புகிற முதல் இடம் இது. ஐஇசி மட்டும் போதாது, உங்கள் பொருளுக்கு என்று ஒரு வாரியத்திலோ ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலிலோ பதிவு செய்து ஆர்சிஎம்சி என்ற உறுப்பினர் சான்று வாங்க வேண்டும், வர்த்தகக் கொள்கையில் இருக்கும் சலுகை எதையும் கேட்க அது அவசியம். அப்பளம், வேளாண் பொருள், பதப்படுத்திய உணவு ஏற்றுமதியைப் பார்க்கும் அபீடாவின் பட்டியலில் இருக்கிறது, ஊறுகாய், சட்னியோடு சேர்த்து ஒரே வரியில். சாம்பார் பொடி என்றால் மசாலா, அது கொச்சியில் தலைமையகம் வைத்திருக்கும் ஸ்பைசஸ் போர்டு, அங்கே ஏற்றுமதியாளர் பதிவு வாங்காமல் மசாலா அனுப்பவே கூடாது. ஒரே அட்டைப்பெட்டியில் மேலே அப்பளக் கட்டு, கீழே சாம்பார் பொடி பாக்கெட், இரண்டுக்கும் இரண்டு வாரியம், இரண்டு கட்டணம், இரண்டு புதுப்பித்தல் தேதி. இறால் அனுப்பினால் எம்பெடா, அதுவும் கொச்சி. தேயிலை கொல்கத்தா, காபி பெங்களூரு, ரப்பர் கோட்டயம், புகையிலை குண்டூர். எல்லாம் இதே அமைச்சகத்தின் பிள்ளைகள்தான், ஆனால் ஆளுக்கொரு தனிக்குடித்தனம். இப்போது ஆர்சிஎம்சி விண்ணப்பத்தை டிஜிஎஃப்டி தளத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள், அது உருப்படியான வேலை.

வாரியம் எதற்கு, சும்மா பணம் பிடுங்கவா என்று கேட்பவர்களுக்கு 2024-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வருஷம் ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இரண்டு பெரிய இந்திய மசாலா பிராண்டுகளின் சில பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி அலமாரியில் இருந்து எடுக்கச் சொன்னார்கள். அது கிருமி நீக்கப் பயன்படுத்தும் வாயு, உணவில் மிச்சம் தங்கக் கூடாது. தவறு எங்கே நடந்திருந்தாலும் சிங்கப்பூர் கடைக்காரருக்கு 'இந்திய மசாலா' என்றாலே முகம் மாறிவிட்டது, சம்பந்தமே இல்லாத எங்களுக்கும் சேர்த்து. ஸ்பைசஸ் போர்டு அந்த இரண்டு இடங்களுக்கும் போகிற மசாலாவுக்கு ஏற்றும் முன் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. செலவு கூடத்தான் செய்கிறது, தூத்துக்குடியிலேயே அவர்கள் ஆய்வகம் இருப்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் லேப் ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் கடைக்காரர் மறுபடி வாட்ஸ்அப்பில் பதில் போட ஆரம்பித்தார். இந்த வேலையைத் தனி ஆள் செய்ய முடியாது, அரசாங்கம்தான் செய்ய வேண்டும், செய்தது. இதற்கு முழு மார்க்.

அடுத்து காசு விஷயம். ஏற்றுமதிப் பொருளின் மேல் வேறு வழியில் திரும்பக் கிடைக்காத சில வரிகள் ஒட்டிக்கொண்டு போகும். லாரி டீசலுக்குக் கட்டிய வரி, மின்சாரத்தின் மேல் போட்ட வரி மாதிரி. முன்னால் எம்இஐஎஸ் என்று ஒரு திட்டம் இருந்தது, ஏற்றுமதி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஊக்கத்தொகை. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, 2019 அக்டோபரில் வந்த தீர்ப்பு நமக்கு எதிராகப் போனது. அதனால் 2020 டிசம்பர் 31-உடன் அதை முடித்துவிட்டு, கட்டிய வரியை மட்டும் திருப்பித் தரும் ரோட்டெப் திட்டத்தை 2021 ஜனவரி 1 முதல் அமல் என்றார்கள். நல்லது. ஆனால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியல் வந்தது 2021 ஆகஸ்ட் 17-இல். நடுவில் ஏழரை மாதம். திட்டம் அமலில் இருக்கிறது, கிடைக்கப்போகும் தொகை தெரியாது. வெளிநாட்டுக்காரருக்கு விலை சொல்லும்போது இரண்டு சதவீதம் வரும் என்று வைத்துச் சொல்வதா, அரை சதவீதமா, ஒன்றுமே இல்லையா? கடைசியில் 8,555 பொருட்களுக்கு 0.5 முதல் 4.3 சதவீதம் வரை என்று வந்தது. மெலிந்த லாபத்தில் ஓடுகிற தொழிலில் இந்த வித்தியாசம்தான் லாபமே.

அந்தத் தொகையும் கையில் பணமாக வராது. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் மின்னணு ஸ்கிரிப்பாக வரும், அதை வைத்து இறக்குமதிச் சுங்கவரி கட்டிக்கொள்ளலாம். நான் எதை இறக்குமதி செய்யப்போகிறேன்? ஆக அதை இறக்குமதி செய்கிற யாருக்காவது விற்க வேண்டும், அவர் முழு விலைக்கு வாங்க அவருக்கென்ன தலையெழுத்தா. சின்ன ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கிற சலுகையில் ஒரு துண்டு பெரிய இறக்குமதியாளருக்குப் போய்ச் சேர்கிற மாதிரி யார் யோசித்து வடிவமைத்தார்களோ தெரியவில்லை. இன்னொன்று, ரோட்டெப் வேண்டும் என்று ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம், போடும்போதே குறிப்பிட வேண்டும். உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் அதைச் செய்கிறாரா என்று ஒருமுறையாவது பில்லை வாங்கிப் பாருங்கள்.

இதே காசு விஷயத்தில் சமீபத்தில் செய்த ஒரு நல்ல காரியம் இபிஆர்சி. வெளிநாட்டுப் பணம் வந்துவிட்டது என்பதற்கான சான்று. முன்பெல்லாம் வங்கி மனது வைத்துப் போட்டால்தான் உண்டு. 2023 நவம்பரில் இருந்து, பணம் வந்த தகவலை (ஐஆர்எம் என்பார்கள்) வங்கி டிஜிஎஃப்டிக்கு மின்னணு முறையில் அனுப்பிவிட்டால், அதை ஷிப்பிங் பில்லோடு பொருத்தி நாமே சான்றை எடுத்துக்கொள்ளலாம். திட்டம் அருமை. வங்கி அந்தத் தகவலை அனுப்பினால்தானே? ஒரு வங்கிக் கிளையில், பெயர் வேண்டாம், "ஐஆர்எம் இன்னும் ஏறலை சார்" என்றேன். "ஏடிஎம்மா? வாட்ச்மேன்ட்ட கேளுங்க" என்று பதில் வந்தது. ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் பார்க்கும் பெரிய கிளைக்கு மெயில் போட்ட பிறகுதான் ஏறியது. இதற்கு அமைச்சகத்தின் மார்க்கைக் குறைக்கவில்லை.

ஒப்பந்தங்கள். இந்த அமைச்சகத்தின் உண்மையான பலம் இங்கேதான் என்பது என் எண்ணம். ஐக்கிய அரபு அமீரகத்தோடு செபா என்ற வர்த்தக ஒப்பந்தம் 2022 பிப்ரவரி 18-இல் கையெழுத்தாகி மே 1-ஆம் தேதியே அமலுக்கு வந்தது. 88 நாளில் பேசி முடித்தோம் என்று பெருமையாகச் சொன்னார்கள், அரசாங்க வேகத்துக்கு அது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அமீரகத்தில் பொதுவாக 5 சதவீதம் சுங்கவரி. இந்த ஒப்பந்தத்தில் அவர்களுடைய வரிப்பட்டியலில் 97 சதவீதத்துக்கு மேற்பட்ட பொருள் வகைகளில் இந்தியாவுக்குச் சலுகை. ஐந்து சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள், துபாய் தேரா பக்கத்துக் கடைக்காரர் இலங்கை அப்பளமா நம்ம அப்பளமா என்று முடிவெடுப்பது அதைவிடச் சின்ன வித்தியாசத்தில். ஆஸ்திரேலியா ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் அமலுக்கு வந்தது, சுவிட்சர்லாந்து, நார்வே உள்ள எஃப்டா நாடுகளோடு போட்டது 2025 அக்டோபரில். பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் கையெழுத்து.

ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வரி குறையாது. இந்தச் சரக்கு இந்தியாவில் உருவானது என்ற சான்று, சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின், சரக்கோடு போக வேண்டும். இதற்கும் இப்போது இணையம்தான். பொருளின் எச்எஸ் கோடு (ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கப் பட்டியலில் இருக்கும் எண்), கலந்திருக்கும் மூலப்பொருள், எது உள்நாடு எது வெளிநாடு என்று கணக்கு. அப்பளத்துக்குக் கோடு 1905 90 40. உளுந்து பர்மாவில் இருந்து இறக்குமதியானதா உள்ளூரா என்று மண்டிக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் தவிர மற்றதற்கு அவர்கள் பெரும்பாலும் சுங்கவரியே வாங்குவதில்லை.

இனி அந்த ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

2022 மே 12. கோதுமை ஏற்றுமதியைப் பெருக்க மொராக்கோ, துனிசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் உட்பட ஒன்பது நாடுகளுக்கு வர்த்தகக் குழுக்களை அனுப்பப் போகிறோம் என்று மத்திய அரசு செய்திக்குறிப்பு விட்டது. மறுநாள், மே 13, கோதுமை ஏற்றுமதிக்குத் தடை என்று டிஜிஎஃப்டி அறிவிப்பு. நான் மிகைப்படுத்தவில்லை, தேதிகளைப் போய்ப் பாருங்கள். விற்கப் போகிறோம் என்று ஒரு நாள், விற்க மாட்டோம் என்று அடுத்த நாள். வெப்ப அலையில் விளைச்சல் குறைந்தது, உள்ளூரில் விலை ஏறியது, காரணமெல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தக் காரணம் ஓர் இரவில் முளைத்ததா?

அரிசி இன்னும் நம் வீட்டுக்கு அருகில் இருக்கிற கதை. 2023 ஜூலை 20, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு ஏற்றுமதித் தடை. பச்சரிசியாகப் போகும் பொன்னி, சோனா மசூரி எல்லாம் இதில் அடங்கும். கொஞ்ச நாளில், ஆகஸ்ட் 25, புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி, இது நிதி அமைச்சகத்தின் பங்கு. வெள்ளை அரிசித் தடையை எடுத்தது 2024 செப்டம்பர் 28-இல், அதாவது ஒரு வருஷம் இரண்டு மாதம் கழித்து. நடுவில் சிங்கப்பூருக்கு 50,000 டன், அமீரகத்துக்கு 75,000 டன் என்று அனுமதித்தார்கள், நட்பு நாடுகளுக்காக. ஆனால் அதை அனுப்பும் உரிமை தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்துக்கு. வருஷக்கணக்காக அந்தக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த சின்ன ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

தடை போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரேஷன் கடையில் அரிசி இல்லாமல் ஏற்றுமதி எதற்கு? என் புகார் தடையைப் போடுகிற விதத்தில். அயல்நாட்டு வர்த்தகக் கொள்கையில் 1.05 என்று ஒரு பத்தி இருக்கிறது. இன்று வரை தாராளமாக அனுப்பலாம் என்றிருந்த பொருளுக்கு நாளை கட்டுப்பாடு வந்தாலும், அதற்கு முன்பே திரும்பப் பெற முடியாத எல்சி (வாங்குபவரின் வங்கி கொடுக்கும் பண உத்தரவாதக் கடிதம்) திறந்த ஆர்டர்களை முடித்துக்கொள்ள விடும் பாதுகாப்பு அது. அரசாங்கமே எழுதிக் கொடுத்த வாக்குறுதி. அரிசி அறிவிப்பில் ஒரு வரி வருகிறது: இதற்கு 1.05 பொருந்தாது. அறிவிப்புக்கு முன் கப்பலில் ஏற ஆரம்பித்த சரக்கு போகலாம், ஷிப்பிங் பில் போட்டு, அந்தக் கப்பலும் துறைமுகத்துக்கு வந்துவிட்டிருந்தால் போகலாம், சுங்கத்துறையிடம் ஒப்படைத்திருந்தால் போகலாம். அட்வான்ஸ் வாங்கி, மில்லுக்குப் பணம் கட்டி, மூட்டை தைத்து, லாரி கிளம்பிய நிலையில் இருந்தவருக்கு ஒன்றும் கிடையாது. கோதுமைக்கு எல்சி விதிவிலக்கு கொடுத்துப் பார்த்தார்கள், பழைய தேதி போட்ட எல்சிகள் வந்து நின்றதும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதாயிற்று, அதனால் அரிசியில் கதவையே சாத்திவிட்டார்கள் போல. நாலு பேர் திருடினால் நாற்பது பேருக்குத் தண்டனை. பத்து நாள் அவகாசம் கொடுத்தால் எல்லோரும் அவசரமாக ஏற்றிவிடுவார்கள் என்பது அவர்கள் தரப்பு, அதிலும் நியாயம் உண்டு. ஆனால் எல்சி உண்மையா என்று வங்கியிடம் கேட்டுச் சரிபார்க்கிற வசதி இன்று இல்லையா? இபிஆர்சியை மின்னணுவாக்கியவர்களுக்கு இது பெரிய வித்தையா?

வெங்காயமும் இதே ராகம். 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பர் 8-இல் முழுத் தடை, 2024 மார்ச் 31 வரை என்றார்கள், அது முடியும் முன்பே மறு உத்தரவு வரை என்றார்கள், மே 4-இல் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையோடு திறந்தார்கள். இதையெல்லாம் கிளப்புவது நாசிக் பக்கத்துப் பெரிய வெங்காயத்தின் விலை. மாட்டிக்கொள்வது பெரம்பலூர், திண்டுக்கல் சின்ன வெங்காயமும். இரண்டுக்கும் தனித்தனி எச்எஸ் கோடு வேண்டும் என்று நம் பக்கத்து ஏற்றுமதியாளர்கள் கேட்கிறார்கள். பட்டியலில் ஒரு வரி சேர்க்கிற வேலை.

இறக்குமதிப் பக்கமும் இந்தப் பழக்கம் உண்டு. 2023 ஆகஸ்ட் 3, லேப்டாப் இறக்குமதிக்கு உடனடியாக உரிமம் வேண்டும் என்று அறிவிப்பு. மறுநாளே, இல்லை, அக்டோபர் கடைசி வரை அவகாசம் என்று இன்னொரு அறிவிப்பு. கடைசியில் வெறும் பதிவு முறையாக அது கரைந்துபோனது.

நேர்மையாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதே வருஷம் ஜூன் 29-இல் 20 ரூபாய்க்குக் கீழே மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய இதே டிஜிஎஃப்டி தடை போட்டது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி தீப்பெட்டிக்காரர்கள் நாயாய்ப் பேயாய் அலைந்து வாங்கிய தடை அது, முதலமைச்சரும் கடிதம் எழுதினார். லைட்டரை முழுசாகக் கொண்டு வராமல் பாகங்களாகக் கொண்டு வந்து இங்கே பூட்டினால்? 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. அன்று தென்மாவட்டத்தில் யாரும் முன்னறிவிப்பு ஏன் இல்லை என்று கேட்கவில்லை. லைட்டர் இறக்குமதி செய்தவர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து என்னைப் போலவே ஒரு ஸ்டார் போட்டிருப்பார்.

நம்மூர்க்காரர்கள் இந்த நாற்காலியில் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லலாம். 1952 முதல் 1956 வரை டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1991-இல் ப. சிதம்பரம் வர்த்தக இணை அமைச்சராக இருந்தபோதுதான் ரொக்க ஊக்கத்தொகையை நிறுத்தி, லைசென்ஸ் கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். அதுவரை 'இறக்குமதி ஏற்றுமதித் தலைமைக் கட்டுப்பாட்டாளர்' என்றிருந்த அலுவலகம் டிஜிஎஃப்டி ஆனதும் அந்தக் காலத்தில்தான். முரசொலி மாறன் 2001 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் பணக்கார நாடுகளின் அழுத்தத்துக்கு மசியாமல் கடைசி வரை நின்று, எல்லோரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான் புதிய விஷயங்களில் பேச்சே என்ற விளக்கத்தை மாநாட்டுத் தலைவரிடம் வாங்கிய பிறகுதான் சரி என்றார். சிறப்புப் பொருளாதார மண்டலக் கொள்கையை 2000-இல் கொண்டு வந்ததும் அவர்தான். 2014 முதல் 2017 வரை நிர்மலா சீதாராமன். இத்தனை பேர் இருந்தும் சின்ன வெங்காயத்துக்கு ஒரு எண் கிடைக்கவில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

டிபிஐஐடி பக்கம் எனக்கு நேரடி வேலை குறைவு, அதனால் சுருக்கமாக. நாடு முழுவதுக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2004-இல் முதல் குறியீட்டை வாங்கிய டார்ஜிலிங் தேயிலையும் அங்கே பதிவானதுதான். கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, பழனி பஞ்சாமிர்தம், மதுரை மல்லி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வாங்குவது வரை கொண்டாட்டம், அப்புறம் அந்தச் சான்றை வைத்து வெளிநாட்டில் எப்படி விற்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. மணப்பாறை முறுக்கு என்ற பெயரில் எந்த ஊர் முறுக்கு வேண்டுமானாலும் கோலாலம்பூரில் கிடைக்கிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு உரிமம் தருகிற, வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கிற பெசோ அமைப்பும் இதே துறைதான், அதன் ரிவ்யூவைப் பட்டாசுக்காரர்கள் எழுதட்டும்.

இன்றைக்குத் திருப்பூரில் போய் இந்த அமைச்சகத்துக்கு எத்தனை ஸ்டார் என்று கேட்டால் வேறு பதில் வரும். 2025 ஆகஸ்ட் 27-இல் இருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பனியன் ஆர்டர்கள் கண்ணெதிரே நின்றன. அந்த வரியைப் போட்டது இவர்கள் இல்லை, ஆனால் அதைப் பேசிக் குறைக்க வேண்டியது இவர்கள் வேலை. போதாக்குறைக்கு, ஏற்றுமதிக் கடனுக்கு வட்டியில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்ட திட்டம் 2024 டிசம்பர் 31-உடன் நின்றுபோயிருந்தது. 2025 நவம்பரில் 25,060 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கம் என்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நடுவில் அந்தப் பதினோரு மாத வட்டியை முழுசாகக் கட்டியவர்களிடம் 2030-க்குள் 2 லட்சம் கோடி டாலர் ஏற்றுமதி இலக்கைப் பற்றிப் பேசிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார்கள்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு: ஐஇசியை நீங்களே எடுங்கள், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் தளத்தில் போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் சரி, செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். அரிசி, கோதுமை, வெங்காயம், சர்க்கரை மாதிரி ஓட்டு சம்பந்தப்பட்ட பொருளாக இருந்தால் மில்லுக்கோ மண்டிக்கோ முழுப்பணமும் முன்னால் கட்டாதீர்கள், வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில் அரசுத் தடை வந்தால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். உங்கள் பொருளின் எட்டு இலக்கக் கோடைப் போட்டு ஏற்றுமதிக்குத் தாராள அனுமதி இருக்கிறதா என்று டிஜிஎஃப்டி தளத்தில் ஆர்டர் எடுக்கும்போது ஒரு முறை பாருங்கள். லாரியில் ஏற்றும் அன்று காலை இன்னொரு முறை பாருங்கள்.